அழுகைக் கோச்சி புறப்பட்ட ஊர்

கொழும்பிலிருந்து அட்டனுக்குப் போகும் பாதையில் அவிசாவளை தாண்டும்வரை ரப்பர் மரங்கள்தான் கூட வந்தன. கித்துல்கலவில் களனி ஆறு பாறைகளுக்கு நடுவே இரைந்து ஓடிக்கொண்டிருந்தது. கினிகத்தேனை ஏற்றத்தில் வண்டிக் கண்ணாடியை இறக்கினேன். மழை நனைத்த மண், விறகுப்புகை, எங்கிருந்தோ தேயிலை ஸ்டோரில் வாட்டும் கொழுந்தின் வாசம். 48 வருஷம் கழித்து, 2023இல், அந்த வாசம் மூக்கில் ஏறியதும் பேச்சு நின்றுவிட்டது. பக்கத்தில் இருந்த மகன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

1975இல் மஸ்கெலியாவை விட்டுப் போனபோது எனக்கு 11 வயது. இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டம் தேயிலைத் தோட்டத்து எங்கள் ஆட்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று தலையை எண்ணிப் பிரித்தது. எங்கள் வீட்டில் அப்பா இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தார், மாமா இலங்கைக்கு. அம்மாவின் தாய், என் அம்மாயி, மகனோடு நின்றுவிட்டாள். அட்டன் ஸ்டேஷனில் என் முகத்தைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். தலைமன்னாருக்கு ஆட்களை ஏற்றிப்போன அந்த ரயிலை எங்கள் சனம் ‘அழுகைக் கோச்சி’ என்றது. அப்புறம் கப்பல், ராமேஸ்வரம், மண்டபம் முகாம், கடைசியில் கோத்தகிரி. அங்கும் தேயிலைதான். எங்கள் குடும்பத்துக்குக் கொடுத்த காகிதத்தில் ‘தாயகம் திரும்பியோர்’ என்று எழுதியிருந்தது. அம்மாவும் அப்பாவும் பிறந்தது, கல்யாணம் கட்டியது, என்னைப் பெற்றது எல்லாமே மஸ்கெலியாப் பக்கம். இந்தியாவை அவர்கள் முதன்முதலாகப் பார்த்ததே அந்தக் கப்பலில் இருந்துதான்.

டிக்கோயா தாண்டியதும் காசல்ரீ நீர்த்தேக்கம், அப்புறம் நோர்வுட். அங்கிருந்து மஸ்கெலியாவுக்குப் பாதை வளைந்து வளைந்து ஏறுகிறது. மலை முழுக்கச் சீப்பு போட்டு வாரியதுபோல் தேயிலை நிரைகள். சுற்றுலா வந்தவர்கள் வண்டியை நிறுத்தி நிறுத்திப் படம் எடுத்தார்கள். அழகுதான், மறுக்க மாட்டேன். ஆனால் அந்த நிரைகள் ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடைய முதுகு வளைந்து போட்டது. மவுசாக்கலை நீர்த்தேக்கத்தில் பங்குனி வெயிலுக்குத் தண்ணீர் இறங்கியிருந்தது. மூழ்கிப்போன பழைய மஸ்கெலியாவின் கோயில் சுவர்கள் சேற்றுக்கு மேலே தெரிந்தன. அக்கரையில் சிவனொளிபாதமலை.

நாங்கள் இருந்த லயத்தை, தோட்டத்து வரிசை வீடுகளை, அடையாளம் கண்டுபிடிக்கச் சிரமமே இல்லை. கூரைத் தகரம் மட்டும் புதுசு. அதே இஸ்தோப்புத் திண்ணை, அதே ஒற்றைக் காம்பரா அறை. மாமா மகள் அப்போதுதான் மலையிலிருந்து இறங்கி வந்தாள். இடுப்பில் சுற்றிய படங்கு, கையில் செடியின் மட்டம் பார்க்கும் மட்டக்கம்பு.

“வாங்க மச்சான். அத்தை மொகத்த அப்படியே உரிச்சு வச்சிருக்கீங்க” என்றாள். நான் போனபோது அவள் கைக்குழந்தை.

தேத்தண்ணி கொடுத்த கையைப் பார்த்தேன். பெருவிரலிலும் சுட்டுவிரலிலும் வெடிப்பு வெடிப்பாகப் பிளந்து, ஒவ்வொரு வெடிப்பிலும் கொழுந்துக் கறை கறுப்பாக இறங்கியிருந்தது. எத்தனை தேய்த்தாலும் போகாத கறை. என் அம்மாவுக்கும் அதே இடத்தில் இருந்தது. கோத்தகிரியில் அவளைக் குளிப்பாட்டி எடுத்த அன்றும் அது போகவில்லை.

“18 கிலோ எடுத்தாத்தான் முழுப்பேரு. கொறஞ்சா அரைப்பேரு. நாளுக்கு ஆயிரம் ரூவா” என்றாள். அரைநாள் கூலியைக் குறிக்கும் அரைப்பேர் என்ற சொல்லை அரை நூற்றாண்டாக நான் கேட்டதில்லை. அப்பா அந்தியில் வந்து உட்கார்ந்து சொல்லும் சொல் அது.

அம்மாயி செத்த சேதி 1981இல் கடிதமாக வந்தது. எங்களால் போக முடியவில்லை. அவளைப் புதைத்த இடத்தைக் காட்டச் சொன்னேன். நிரைகளுக்கு நடுவே ஏறிப் போனோம். கல்லும் இல்லை, பேரும் இல்லை. ஒரு பெரிய பாறை, அதிலிருந்து மூன்றாவது செடி. “அப்பா எங்கிட்ட காட்டிக் குடுத்துட்டாரு, நான் எம்மகளுக்குக் காட்டிக் குடுத்துட்டேன்” என்று சொல்லிக்கொண்டே வந்தாள் மாமா மகள். செடி புதிதாகக் கவ்வாத்து வெட்டித் துளிர்த்திருந்தது. கற்பூரம் ஏற்றினேன். என் தாயகம் எது என்று கேட்டால் அந்த மூன்றாவது செடியைத்தான் சொல்வேன்.

இறங்கும்போது, “வீடு உங்க பேருக்கு வந்திருச்சா?” என்று கேட்டேன்.

“எங்க மச்சான்! ஓட்டு இருக்கு, அடையாள அட்டை இருக்கு. இந்தக் காம்பராவுக்கு உறுதிப்பத்திரம் இல்ல.”

அவள் பேத்தி அந்த இஸ்தோப்பில் உட்கார்ந்துதான் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அந்தக் காம்பராவில் அவள் ஐந்தாவது தலைமுறை.