அமைதி என்னும் யந்திரம்

இங்கிலாந்தின் வடபகுதியான லங்காஷயரில், பர்ன்லி நகரை அடுத்து ஹார்ல் ஸைக் என்னும் சிற்றூர் இருக்கிறது. அங்குள்ள குவீன் ஸ்டிரீட் நெசவாலையைக் காண நாம் சென்றபோது நம் உள்ளத்தில் சிறிது கசப்பும் இருந்தது. நம் நாட்டுத் தறிகளை ஓயச் செய்த துணி இந்த லங்காஷயரிலிருந்து வந்ததல்லவா? நம்மவர் உடுத்தும் வேஷ்டிகளைக்கூட இப்பகுதி ஆலைகள் நெய்து கப்பலேற்றின.

1894-ம் ஆண்டில் கட்டப்பெற்ற இவ்வாலை, 1982 வரையில் நீராவியைக் கொண்டே நெய்து வந்தது, பின்னர் காட்சிசாலையாயிற்று. நெசவுக் கூடத்திற்கு மாடி கிடையாது. கூரை ரம்பப் பற்களைப் போல் வரிசை வரிசையாக எழுந்து நிற்கிறது. ஒவ்வொரு பல்லிலும் வடக்கு நோக்கிய சரிவு மட்டும் கண்ணாடி. ஆதலால் வெயில் நேரே விழாமல், இழை அறுந்தால் உடனே கண்ணுக்குத் தெரியும்படியான சீரான வெளிச்சம் பரவுகிறது.

யந்திர அறையில் 500 குதிரைச் சக்தியுள்ள நீராவி யந்திரம் வீற்றிருக்கிறது. ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு உருளைகள். சிறியதில் உழைத்த நீராவி பெரியதிலும் புகுந்து மறுபடி உழைக்கும். அந்தச் சக்தி, கூடத்தின் மேலே ஓடும் நீண்ட இருசுகளைச் சுழற்ற, அவற்றிலிருந்து தொங்கும் தோல் வார்கள் கீழேயுள்ள தறிகளை இயக்கும். இன்றும் அங்கே முந்நூறுக்கு மேற்பட்ட தறிகள் அணிவகுத்து நிற்கின்றன.

அத்தனை தறிகளும் ஒருங்கே ஓடினால் என்ன பேரிரைச்சல்! லங்காஷயர் நெசவுப் பெண்கள் உதட்டசைவைக் கண்டே ஒருவரோடொருவர் பேசிக்கொண்டார்கள். பலர் நாளடைவில் செவிப்புலனை இழந்தார்கள். நம் நெசவாளி தறியை இழந்தான். அத்துணியை நெய்தவளோ தன் காதை இழந்தாள். இதை எண்ணியபோது நாம் கொண்டுவந்த கசப்பு அவர்கள்மீது நிற்கவில்லை.

1931-ல் மகாத்மா காந்தி இதே லங்காஷயரிலுள்ள டார்வெனுக்கு வந்தார். அந்நியத் துணி பகிஷ்காரத்தினாலும் வேலை குன்றியிருந்த காலம் அது. ஆயினும் ஆலைப் பெண்கள் அவரைச் சூழ்ந்து நின்று ஆரவாரித்து வரவேற்றார்கள். நம் கிராமங்களின் வறுமையை அவர் எடுத்துரைக்க, தாமும் துன்பமறிந்தவர்களான அவர்கள் கேட்டார்கள்.

புறப்படுமுன் யந்திரத்தின் பெயரை விசாரித்தோம். முதலில் 'விவேகம்' என்ற பொருளுடைய பெயர் அதற்கு இருந்ததாம். முதல் உலக மகாயுத்தத்திற்குப் பின் 'அமைதி' என்று மாற்றினார்களாம். பொருத்தமான பெயர்தான் என்று எண்ணியவாறே வெளியே வந்தோம்.