கண்ணகி நகரின் சிரிப்பு

அத்திப்பட்டில் மின்சார ரயிலேறிச் சென்னை வந்து, அங்கிருந்து பஸ்ஸில் பழைய மகாபலிபுரம் சாலையோடு போனால், துரைப்பாக்கத்தருகே கண்ணகி நகர் இருக்கிறது. ஒரு நடை போய்ப் பாருங்களேன், சகோதரிகளே!

ஆற்றங்கரைக் குடிசைகளிலிருந்து அகற்றப்பட்ட ஏழை ஜனங்களைக் குடியேற்றிய இடம் அது. விலாசம் தெரிந்தால் வேலை கிடைக்காதென்று ஊர்ப் பெயரையே மறைத்த வாலிபர்கள் அங்கே உண்டு. 2020-இல் ஸ்டார்ட் இந்தியா என்ற அமைப்பு, சென்னை மாநகராட்சியின் துணையோடு, அங்குள்ள மாடிக் கட்டடங்களில் சுவர்ச் சித்திரங்கள் தீட்டச் செய்தது. ஏ-கில் என்ற ஓவியர் வரைந்தது தெய்வத்தையோ தலைவரையோ அல்ல. அங்கே வாழும் குழந்தைகளின் சிரிப்பை!

அவ்வளவு பெரிய முகத்தை எப்படி எழுதுவது என்கிறீர்களா? வழி ஒன்று உண்டு. காகிதத்தில் சிறு படம் போட்டு, அதன்மேல் கட்டம் கட்டமாகக் கோடு இழுக்கவேண்டும். சுவரிலும் அதே எண்ணிக்கையில் பெரிய கட்டங்கள். பிறகு ஒவ்வொரு கட்டமாகப் பார்த்து வரையவேண்டியதுதான். புள்ளிக் கோலம் போடும் கைக்கு இது பிரமாதமா, என்ன? வீட்டுக்காரரின் சம்மதமும் தெருவாரின் யோசனையுந்தான் வர்ணத்தைவிட முக்கியம்.

வேலையில்லாத் திண்டாட்டத்துக்குச் சித்திரம் மருந்தல்ல. ஆனால் "எந்த ஊர்?" என்று கேட்டால் தலைநிமிர்ந்து பதில் சொல்ல ஒரு காரணம் கிடைக்கிறதே, அது சாமான்யமா? அத்திப்பட்டிலுந்தான் வெறுஞ்சுவருக்குப் பஞ்சமா?