சிமென்ட் ஷீட் கூரையும் உயிர்காக்கும் கயிறும்

திருப்பெரும்புதூர்–ஒரகடம் தொழிற்சாலைகளில் உயரத்தில் பணிபுரிவோர் விழாதிருக்கத் தடுப்போ வேறு பாதுகாப்போ செய்யுமாறு 2025இல் நீக்கப்படும் வரை 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 32ஆம் பிரிவு பணித்தது. ஆனால் அங்கு உழைப்போர் குடியிருக்கும் வாடகை வீடுகளில், ஐப்பசி மழைக்கு முன் ஒழுகும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையை அடைக்கத் தாமே ஏறுபவரை அச்சட்டம் எட்டவில்லை.

ஆகவே கருவியைத் தேரும் பொறுப்பு ஏறுபவரையே சேர்கிறது. இடுப்பு பெல்ட், விழும் வேகத்தில் வயிற்றையும் முதுகெலும்பையும் தாக்கும் என்பதால், தோள், மார்பு, தொடைகளைப் பற்றி விசையைப் பகிரும் முழு உடல் ஹார்னஸையே, ஐஎஸ் 3521 என்னும் இந்தியத் தர எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும்.

ஹார்னஸை நங்கூரப் பிடியோடு இணைக்கும் கயிறான லேன்யார்டில் நுட்பம் மிகுதி: 1.8 மீட்டர் கயிறும், அதிர்வைத் தாங்க விரியும் மடிப்புப் பட்டையும், தொங்கும் உடலின் நீளமும் சேர்ந்தால், விழுபவருக்குக் கீழே ஏறத்தாழ 5 மீட்டர் வெற்றிடம் வேண்டும். 3 மீட்டர் உயர வீட்டில் கயிறு இறுகுமுன் உடல் தரையைத் தொட்டுவிடும். எனவே விளிம்பை எட்டவே விடாத குட்டைக் கயிறே தக்கது.

அக்கயிறும் ஷீட் உடைந்து உள்ளே விழுவதைத் தடுக்காது. ஆதலால் கீழுள்ள இரும்புச் சட்டங்களின் மேல் பலகை பரப்பி, அதன்மேல் மட்டுமே நகர வேண்டும். ஷீட்டைப் பிடிக்கும் ஜே போல்ட்டிலோ தண்ணீர்க் குழாயிலோ கயிற்றைக் கட்டலாகாது.

கட்டுவதற்கு உறுதியான கான்கிரீட் தூண் இல்லாத கூரையில், எவ்வளவு சிறிய ஒழுகலுக்காகவும் யாரும் ஏற வேண்டாம். வீட்டு உரிமையாளர்களும் வாடகைக்கு இருப்போரை ஏற்றிவிட வேண்டாம்.