பேய்ப்படமும் பக்கத்து வீட்டு மாமாவும்

பேய்ப்படத்துக்குக் காசு முக்கியமில்லைங்க. 2004ல் வந்த 'ஆர்-பாயிண்ட்' என்ற கொரியப் படத்தைப் பாருங்கள். கதை 1972ல், வியட்நாம் போரில் நடக்கிறது. செத்துப்போனதாக நினைத்த படைப்பிரிவிடமிருந்து வயர்லெஸ்ஸில் உதவி கேட்டுக் குரல் வருகிறது. தேடிப் போகிறது ஒரு சிறு குழு. கம்போடியாவின் போகோர் மலையில் படம் பிடித்தார்கள். பாழடைந்த கட்டிடம், உயர்ந்த புல், கரகரக்கும் ரேடியோ. இவை போதும், வயிற்றைக் கலக்க.

புனேயில் எங்கள் பக்கத்து வீட்டு மாமா திருநெல்வேலிக்காரர், ராணுவ சிக்னல்ஸில் இருந்தவர். காலேஜ் படிக்கும் என் பையனோடு உட்கார்ந்து பார்த்தார். பையன் பேய்க்குக் காத்திருந்தான். மாமா அந்த வயர்லெஸ் காட்சியிலேயே எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார்.

"பேயெல்லாம் ஒண்ணுமில்லடே. கூப்பிட்டுக்கிட்டே இருந்த குரல் சட்டுன்னு நின்னு போகும் பாரு, அதுதான் பயம்" என்றார் அவனிடம்.

வியட்நாமுக்குத் தென்கொரியா அனுப்பிய வீரர்கள் மூன்று லட்சத்துக்கும் மேல். அங்கே எத்தனை மாமாக்கள் பாதியில் எழுந்து போனார்களோ!