வள்ளூர்: பத்திரத்தில் எழுதிய விலைதான் விலை

கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் எண்ணூரைத் தாண்டினாலே புகைபோக்கிகள் தெரிய ஆரம்பித்துவிடும். அடுத்து அத்திப்பட்டு, நந்தியம்பாக்கம், மீஞ்சூர். இந்த வட்டாரத்தில், கொசஸ்தலை ஆற்றை ஒட்டிய ஊர் வள்ளூர். என்.டி.பி.சி.யும் தமிழ்நாடு மின்வாரியமும் சேர்ந்து அமைத்த 1,500 மெகாவாட் அனல்மின் நிலையம் இங்கேதான் இருக்கிறது. நிலக்கரி வந்து இறங்குவது 2001-ல் திறக்கப்பட்ட எண்ணூர் துறைமுகத்தில். இன்று அதன் பெயர் காமராஜர் துறைமுகம்.

துறைமுகத்துக்காகவும் சாம்பல் குட்டைகளுக்காகவும் உப்பளமும் கழிமுகச் சதுப்பும் ஏராளமாகப் போயின. துறைமுகம் கிட்டே இருப்பது ஒரு காரணம். இன்னொன்று, உப்பளமும் புறம்போக்கும் பெரும்பாலும் அரசு கையில் இருப்பவை. அங்கே ஒரு துறையோடு பேசினால் போதும். அதே அளவு பட்டா நிலம் என்றால் நூற்றுக்கணக்கான பட்டாதாரர்கள், பிரியாத பாகம், வாரிசு வழக்கு என்று இழுக்கும். ஆலை வருகிறது என்ற பேச்சு கிளம்பினாலே தரகர்கள் முன்பணம் கொடுத்து வளைத்துப்போட, விலை ஏறிவிடும். அந்த ஏற்றமும் உழுதவருக்குப் போய்ச் சேருவது அபூர்வம். சதுப்பைத் தூர்த்ததற்கு விலை கொடுத்தவர்கள் எண்ணூர் மீனவர்கள்; சாம்பல் இறங்கிய ஆற்றில் அவர்கள் வலைக்கு என்ன கிடைக்கும்?

விவசாயிக்கு அடி வேறு பக்கத்திலிருந்து வந்தது. 1960-களின் பிற்பகுதி முதல் ஆலைகளுக்காகவும் நகரத்துக்காகவும் மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடி நீரை உறிஞ்சினார்கள். கடல்நீர் உள்ளே புகுந்து கிணறுகள் உவர்த்தன. நெல் தேறாத நிலத்தை வைத்திருப்பவரால் விலை பேச முடிவதில்லை. கேட்ட விலைக்குத் தள்ளிவிடுகிறார். அது கல் நட்ட மனையாகிறது.

விற்கும்போது நடக்கும் ஒரு காரியம்தான் பிறகு ஊரையே கடிக்கிறது. கணக்குக்காக, ஒரு சென்ட் 3 லட்சத்துக்குக் கைமாறுகிறது என்று வைப்போம். முத்திரைத்தாள் செலவை மிச்சம் பிடிக்கப் பத்திரத்தில் 1 லட்சம் என்று எழுதுகிறார்கள். 2013-ம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டம், அரசின் வழிகாட்டி மதிப்பையும், முந்தைய 3 ஆண்டுகளில் அக்கம்பக்கத்தில் பதிவான பத்திரங்களில் விலை கூடிய பாதியின் சராசரியையும் ஒப்பிட்டு, எது அதிகமோ அதையே சந்தை மதிப்பாக எடுக்கச் சொல்கிறது. கிராமமானால் அதை 2 மடங்கு வரை பெருக்கலாம். அதோடு அதே அளவு ஆறுதல் தொகையும் உண்டு. ஆனால் பெருக்குவது அந்த 1 லட்சத்தைத்தான். 2017 ஜூனில் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தபோது மனை வாங்கியவர்கள் மகிழ்ந்தார்கள். நிலம் எடுப்புப் பட்டியலில் இருந்தவருக்கு அது இழப்பீட்டிலும் குறைவு.

வண்டலூரில் கிளம்பும் வெளிவட்டச் சாலை மீஞ்சூரில் முடிகிறது. அந்தச் சாலையோரம் நிலம் வைத்திருப்பவர்கள், பக்கத்துச் சர்வே எண்களில் என்ன விலை பதிவாகியிருக்கிறது என்பதைப் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்க விவரமாகக் கட்டணமில்லாமல் பார்க்கலாம்.