கொடுவாவுக்கு அவசரம் ஆகாது

மூணு மாசமா ஞாயிறுதோறும் தேங்காப்பட்டணம் பொழிமுகத்துல நிக்கேன். கையில ராடு, பெட்டி நிறைய லூர், அதான் பொய்மீன். போன வாரம் வரை ஒரு கொடுவாகூட ஏறல. இனயத்துக்காரனுக்கு இதைவிட வெக்கக்கேடு வேணுமா? பக்கத்துல தூத்தூர்க்காரங்க சுறாத் தூண்டிலோட குஜராத் கடல் வரை போறாங்க!

போன வாரம் ஒரு மாமா என் பெட்டியைக் கிளறினார். மினுமினுப்பை எல்லாம் ஒதுக்கிட்டு, பெயின்ட் உரிஞ்ச வெள்ளை லூர் ஒண்ணை எடுத்தார். “மக்களே, இங்க கெடக்கது மடவை. எந்த மடவைலே நீ இழுக்கிற மாதிரி ஓடும்?”

விஷயம் அதுதான். கொடுவா பெரும்பாலும் கல்லிடுக்குல பதுங்கிக் கிடக்கும். கிட்ட வர்ற இரையை வாயைப் பிளந்து தண்ணியோட உறிஞ்சிரும். ஆத்துத்தண்ணி கடலுக்கு வத்துற நேரம் பாத்து எறியணும். ரீலை ரெண்டு சுத்து, அப்புறம் நிறுத்து. நூல் லேசாத் தொய்யும். அந்த நிறுத்தத்துலதான்... டொப்!

அப்படி எறிஞ்சதுல ஒண்ணு மாட்டிச்சு, அரைக்கிலோ தேறும். கொடுவா முதல்ல ஆணா வளந்து, சில வருசம் கழிச்சுதான் பெண்ணா மாறும், இது பொடிப்பயல். கொக்கியைக் கழட்டி விட்டுட்டேன். மாமா மூஞ்சியைப் பாக்கணுமே!

“லே, ஒரு நேரக் கொழம்புக்கு ஆயிருக்குமே!”