நொச்சிக்குப்பத்தில் ஒரு காலை
கலங்கரை விளக்கத்தைத் தாண்டி, லூப் சாலையில் 2024-இல் திறந்த மீன் அங்காடி. விடிந்ததும் போனால் கடற்காற்றும் பேரமும் சேர்ந்தே வரவேற்கும்!

சங்கரா மீனை ஆய்ந்துகொண்டே அந்த அம்மா கேட்டார்: "சக்கரைக்குக் கஞ்சாச் செடி எண்ணெய் நல்லதாமே? மருமவன் வாங்கியாந்தான். மாத்திரைய நிறுத்திடட்டாம்மா?"

எனக்குப் பகீரென்றது. "ஐயோ, நிறுத்திடாதீங்கக்கா!"

அதிலுள்ள 'சி.பி.டி.' போதை தராது, வாஸ்தவம்தான். 2018-இல் அமெரிக்காவில் சிலவகை வலிப்பு நோய்க்கு அதை மருந்தாக அனுமதித்தார்கள். ஆனால், சர்க்கரையைக் குறைக்கும் என்பதற்குத் தக்க நிரூபணம் இல்லை. கல்லீரலைப் பாதிக்கலாம், மற்ற மருந்துகளின் வேலையையும் மாற்றிவிடலாம்.

"பாட்டிலை டாக்டர்கிட்டே காட்டுங்க."

"அதுவரிக்கும் மூடியே வெக்கிறேம்மா" என்றவர், கூட ஒரு மீனைப் பையில் போட்டார்.

சகோதரிகளே, உங்கள் வீட்டு அலமாரியிலும் அப்படியொரு பாட்டில் இருக்கிறதா?